கொறடா சொல்வதா, தொகுதி கேட்பதா: நாட்டுப் பாதுகாப்பு விவாதத்தில் நம் எம்பிக்கு என்ன வேலை?

பாலக்கோட்டான்

ஆபரேஷன் சிந்தூர் பற்றி 2025 ஜூலை 28, 29 தேதிகளில் மக்களவையில் நடந்த விவாதத்தை நம் பக்கத்திலும் நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். 16 மணி நேரம் ஒதுக்கினார்கள். பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டது ஏப்ரல் 22ல். நம் படைகள் தாக்கியது மே 7ல். அவை கூடிப் பேச ஜூலை முடியப் போய்விட்டது. நடுவில் சிறப்புக் கூட்டம் வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, கிடைக்கவில்லை.

அந்த இடைவெளியில் எல்லாக் கட்சி எம்பிக்களும் கலந்த ஏழு குழுக்கள் வெளிநாடுகளுக்குப் போய் வந்தன. கனிமொழி ஒரு குழுவுக்குத் தலைமை வகித்து ரஷ்யா, ஸ்பெயின், கிரீஸ் பக்கம் போனார். சசி தரூர் இன்னொன்றுக்குத் தலைவர். காங்கிரஸ் கொடுத்த பெயர்களில் தரூர் இல்லை, அரசே அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்புறம் மக்களவையில் விவாதம் வந்தபோது தரூர் பேசவில்லை. குழுவில் போய் வந்த மணீஷ் திவாரியும் பேசவில்லை. நாட்டுக்காக வெளியே பேசப் போனவர்கள், தங்கள் சொந்த அவையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தர்மபுரிக்கு திமுக எம்பி, கிருஷ்ணகிரிக்கு காங்கிரஸ் எம்பி. காவிரி உபரிநீர், மொரப்பூர் ரயில் பாதை என்றால் நாம் அவர்களிடம் கேட்கிறோம். ராணுவம், எல்லை, உளவு, பயங்கரவாதச் சட்டம் என்று வந்தால் "அது டெல்லி சமாச்சாரம்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பட்டாளத்துக்குப் போகிற பிள்ளைகள் நம் ஊர்ப் பிள்ளைகள். ஒசூர் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஒரு முனை. நம் எம்பிக்கள் டெல்லிக்குப் போய் இந்த விஷயங்களில் என்னதான் செய்ய வேண்டும், என்ன செய்ய முடியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரிமங்கலம் கிளைச் செயலாளர்

தம்பி, நான் திமுககாரன், மறைக்க ஒன்றுமில்லை. நம் ஊரில் ஓட்டு விழுவது சின்னத்துக்கு. வேட்பாளர் பெயர் தெரியாமலே உதயசூரியனுக்கும் இரட்டை இலைக்கும் மாம்பழத்துக்கும் குத்துகிற வீடுகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அப்படி ஜெயித்துப் போனவர் அவையில் தன் மனம் போன போக்கில் பேசினால், ஓட்டுப் போட்டவனுக்கு என்ன மரியாதை? நாட்டுப் பாதுகாப்பில் கட்சிக்கு ஒரு நிலைப்பாடு உண்டு. தலைமை பத்துப் பக்கத்தையும் யோசித்து எடுக்கிறது. அதை அவையில் எடுத்து வைப்பதுதான் எம்பியின் வேலை. ஹரியானாவில் 1967ல் கயா லால் என்ற எம்எல்ஏ இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். கட்டுப்பாடு இல்லாவிட்டால் அதுதான் நடக்கும்.

சீனப் போர் நேரத்தில் அண்ணா என்ன செய்தார்? ராஜ்யசபா உறுப்பினராக இருந்தார். போர் வந்ததும் கிளர்ச்சிகளை நிறுத்தி அரசுக்குத் துணை நின்றார். 1963ல் பிரிவினை கேட்பதைத் தடுக்கும் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது அவையில் தன் எதிர்வாதத்தை எடுத்து வைத்தார், அப்புறம் தனித் திராவிட நாடு என்ற கட்சியின் குறிக்கோளையே மாற்றினார். தனி ஆளாக அதைச் செய்ய முடியாது. கட்சி சேர்ந்து எடுத்த முடிவு அது.

முன்னாள் ஹவில்தார், பென்னாகரம்

வணக்கம். நான் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். சண்டை நடக்கும்போது அரசியல்வாதிகள் வாயை மூடிக் கொண்டிருப்பது நல்லது. எத்தனை விமானம் போனது, எங்கே போனது என்று அவையில் கேட்டால் பதில் எதிரிக்கும் போகும். தேர்தல் மேடையில் வீரர் படத்தை மாட்டி ஓட்டுக் கேட்பதும் தப்பு. எந்தக் கட்சி செய்தாலும் தப்பு.

ஆனால் சண்டை இல்லாத நாளில் கேட்க வேண்டியது ஆயிரம் இருக்கிறது. குண்டு துளைக்காத உடுப்பு போதுமா, குளிருக்கான பூட்ஸ் நேரத்துக்கு வருகிறதா, பென்ஷன் ஏன் இழுக்கிறது, கேன்டீன் கார்டுக்கு ஏன் அலைய வைக்கிறார்கள். இதை எந்த எம்பியாவது விடாமல் கேட்டால் அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். கேட்கும் ஆட்கள் குறைவு. இதில் புகைப்படம் கிடையாது, கைதட்டலும் கிடையாது.

கிருஷ்ணகிரி வக்கீல்

கிளைச் செயலாளர் அண்ணன் சொன்ன கட்டுப்பாடு எது வரைக்கும் என்பதைச் சட்டப்படி பார்த்துவிடலாம். இதில்தான் எல்லோருக்கும் குழப்பம்.

கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985ல் 52வது திருத்தமாக வந்தது. அந்த ஜனவரியில் மக்களவை அதை நிறைவேற்றியபோது துணை சபாநாயகராக இருந்தவர் தர்மபுரி எம்பி தம்பிதுரை. அது அரசியல் சட்டத்தில் சேர்த்த பத்தாவது அட்டவணை சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, உறுப்பினர் தானாகக் கட்சியை விட்டு விலகினால் பதவி போகும். இரண்டு, கொறடா, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்பவர், அவர் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவி போகும், 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால். இந்த இரண்டாவது விதி, அரசு நிலைப்பதா கவிழ்வதா என்ற வாக்கெடுப்புக்கும் கட்சியின் முக்கியக் கொள்கை பற்றிய வாக்கெடுப்புக்கும் மட்டும் பொருந்தும்படி இருப்பது நல்லது என்று 1992ல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. கட்சிகள் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லாவற்றுக்கும் கொறடா போடுகிறார்கள்.

கவனியுங்கள், கொறடா கட்டுவது வாக்கை மட்டும். அவையில் பேசியதற்காக எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது, 105வது பிரிவின் பாதுகாப்பு உண்டு. கேள்வி கேட்கக் கட்சியின் அனுமதி சட்டப்படி தேவையில்லை. துறைகளை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவில் கொறடா செல்லாது. பேசும் நேரத்தை மட்டும் கட்சிதான் பிரித்துக் கொடுக்கிறது, தரூர் விஷயம் அங்கேதான் வருகிறது.

இப்போது நாட்டுப் பாதுகாப்பை எடுத்துக் கொள்ளுங்கள். போர் தொடுக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தத்தையும் அரசே செய்து கொள்ளலாம். கச்சத்தீவு ஒப்பந்தம் 1974ல் அப்படித்தான் முடிந்தது. நாலு வருடத்துக்கு மட்டும் ராணுவத்தில் ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் 2022 ஜூனில் அறிவிப்பாக வந்தது, மசோதாவாக வரவில்லை. வாக்கெடுப்பே இல்லாத இடத்தில் கொறடா எங்கிருந்து வரும்? ஆகவே "கட்சி கையைக் கட்டிவிட்டது" என்று ஒரு எம்பி சொன்னால், பாதுகாப்பு விஷயத்தில் அது பாதிக்கு மேல் நிற்காது. அவருக்குக் கேள்வி இருக்கிறது, குழு இருக்கிறது, விவாதம் கோரி நோட்டீஸ் கொடுக்கும் உரிமை இருக்கிறது.

பாலக்கோட்டான்

வக்கீல் சார், இது எனக்குப் புதிது. வாக்கு ஒன்றுதான் அவர்களிடம் இருக்கிறது, அதையும் கட்சி பிடுங்கிக் கொண்டது என்றுதான் ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள்.

அரூர் டீச்சர்

வாக்கெடுப்பு அபூர்வம் என்கிறார் வக்கீல் சார். அபூர்வமாக வரும் அந்த ஒரு வாக்கு எங்கே வந்து விழும் என்று நம் மாவட்டத்துக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவின் மசோதாவை 2002 மார்ச்சில் மாநிலங்களவை தோற்கடித்தது. அரசு விடவில்லை. மார்ச் 26ல் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டி 425க்கு 296 என்று நிறைவேற்றியது. அன்று கிருஷ்ணகிரி எம்பி திமுக. அந்தக் கட்சி வாஜ்பாய் அரசில் இருந்தது, மசோதாவை ஆதரித்தது. மதிமுகவும் ஆதரித்தது. அந்த ஜூலையில், விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று வைகோவையே மாநில அரசு அதே சட்டத்தில் கைது செய்தது. எம்பி பதவியில் இருந்தபடியே 19 மாதம் வேலூர் சிறையில் இருந்தார்.

எம்பிக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது, பத்திரிகை இருந்தது. நம் ஊத்தங்கரைக்கு யார் இருந்தார்கள்? 2002 நவம்பரில், ஊத்தங்கரை இன்னும் தர்மபுரி மாவட்டத்தோடு இருந்த நேரம், நக்சல்கள் என்று சொல்லிப் போலீஸ் ஒருவரைச் சுட்டுக் கொன்றது. இருபதுக்கும் மேற்பட்டோரைப் பொடாவில் உள்ளே போட்டது. பெண்கள் இருந்தார்கள். வயது வராத சிறுவனும் இருந்தான். 1980லிருந்தே நக்சல் வேட்டை என்ற பெயரில் போலீசின் கியூ உளவுப் பிரிவு வந்து போகும் ஊர்கள் இவை. அந்த ஊர்களின் மேல் இப்படி ஒரு சட்டம் வந்தால் அது எப்படிப் பாயும் என்று டெல்லியில் கை தூக்கியவர்களில் யாராவது கேட்டார்களா? எஸ்பி முன்னால் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகும், ஒரு வருடம் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு என்றெல்லாம் அந்தச் சட்டத்தில் எழுதியிருந்தது. படித்துப் பார்த்த ஒரு எம்பி எழுந்து "எங்கள் பக்கத்தில் இது என்ன ஆகும் தெரியுமா" என்று சொல்லியிருக்க வேண்டும். 2004ல் சட்டத்தை ரத்து செய்தார்கள். உள்ளே போனவர்களின் வருடங்களை யாரும் திருப்பித் தரவில்லை.

இது புதுக் கதையும் இல்லை. ராஜாஜி நம் தொரப்பள்ளியில் பிறந்தவர். காங்கிரஸ்காரர்களை அடக்க வெள்ளைக்காரன் வைத்திருந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தை காங்கிரஸ் கடுமையாக எதிர்த்தது. 1938ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது இந்தி எதிர்ப்பு மறியல்காரர்கள் மீது அதே சட்டம் பாய்ந்தது. எந்தப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் கொண்டு வந்தவர் கையிலேயே இருந்துவிடாது. ஆட்சி மாறும், அதிகாரி மாறுவார், சட்டம் அப்படியே இருக்கும். ஓட்டுப் போடுவதற்கு முன்னால் எம்பி இதை யோசிக்க வேண்டும்.

காரிமங்கலம் கிளைச் செயலாளர்

டீச்சர், பொடாவில் எங்கள் கட்சி பின்னால் எதிர்த்துப் போராடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட்டணி அரசில் இருக்கும்போது சில நெருக்கடிகள் வரும்.

கச்சத்தீவு பற்றி வக்கீல் சார் சொன்னார். 1974 ஜூலை 23ல் ஸ்வரண் சிங் அறிக்கை வாசித்தபோது எழுந்து கண்டித்தவர் எங்கள் இரா. செழியன். ராமநாதபுரம் எம்பி மூக்கையாத் தேவரும் எதிர்த்துப் பேசினார். அதன் மீது வாக்கெடுப்புக் கிடையாது, தீவு போயே போய்விட்டது. ஆனாலும் அவைக்குறிப்பில் ஏறிய அந்த எதிர்ப்பு இன்றுவரை எடுத்துக் காட்டப்படுகிறது. கட்சியின் குரலாகப் பேசினாலும் பேச்சுக்குப் பலன் உண்டு.

அரூர் டீச்சர்

பின்னால் எதிர்த்ததை நான் மறுக்கவில்லை அண்ணா. ஊத்தங்கரைக்குத் தேவைப்பட்டது முன்னால் எதிர்த்தவர். செழியன் மாதிரி கோப்பைப் படித்துவிட்டு வந்து பேசும் ஆளை இன்று எந்தக் கட்சி நிறுத்துகிறது, அதையும் சொல்லுங்கள்.

ஒசூர் ஷிப்ட்காரர்

நைட் ஷிப்ட் முடிந்து வந்து படிக்கிறேன், நல்ல விவாதம்.

ஹவில்தார் ஐயா, சண்டை நேரத்தில் பேசக் கூடாது என்கிறீர்கள். 1962ஐப் பாருங்கள். சீனப் படை உள்ளே வந்து கொண்டிருந்த நேரத்திலேயே நாடாளுமன்றம் கூடியது. சீக்கிரம் கூட்டுங்கள் என்று கேட்டவர்களில் வாஜ்பாய் முக்கியமானவர், அப்போது ராஜ்யசபாவில் இளம் உறுப்பினர். நவம்பர் 8ல் தொடங்கி 14 வரை மக்களவை பேசியது. 165 பேர் பேசினார்கள். எல். எம். சிங்வி ரகசியக் கூட்டமாக வைக்கலாம் என்றார், நேரு ஒத்துக் கொள்ளவில்லை. போர் தோல்வியில் போய்க் கொண்டிருந்தது, விவாதம் எல்லோர் காதிலும் விழும்படி நடந்தது. அதனால் நாடு ஒன்றும் உடையவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அவை கூடுவதற்கு முந்தின நாளே கிருஷ்ண மேனன் அமைச்சரவையிலிருந்து போக வேண்டியிருந்தது. போக வைத்தவர்கள் எதிர்க்கட்சிகள் மட்டும் கிடையாது. சொந்தக் கட்சியான காங்கிரஸ் எம்பிக்கள் நேருவிடம் நேராகச் சொன்னார்கள். நேரு எவ்வளவு பெரிய தலைவர், மேனன் அவருக்கு எவ்வளவு வேண்டியவர்! இருந்தும் சொன்னார்கள். பத்தாவது அட்டவணை அப்போது இல்லை. இன்று ஒரு ஆளுங்கட்சி எம்பி அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த தேர்தலில் சீட்டு வாங்க முடியுமா? கொறடாவுக்குச் சட்டத்தில் எல்லை இருக்கலாம். சீட்டுக் கொடுக்கும் கைக்கு எல்லை கிடையாது.

இன்னொன்று. 1999 ஏப்ரல் 17ல் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில், 269க்கு 270 என்று விழுந்தது. அதிமுக ஆதரவை விலக்கியதுதான் தொடக்கம். அதற்கு முந்தின வருடம் அதிமுகவும் பாமகவும் ஒரே அணியில் நின்று கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் ஆளுக்கொன்று ஜெயித்திருந்தன, இந்த வாக்கெடுப்பில் எதிரெதிர்ப் பக்கம். மக்களவையைக் கலைத்தார்கள். மே மாதம் கார்கில். நாடு போரில் இருந்த அந்த மாதங்களில் நம் இரண்டு தொகுதிக்கும் மக்களவையில் ஆளே இல்லை, ஏனென்றால் மக்களவையே இல்லை. காபந்து அரசைக் கேள்வி கேட்க ராஜ்யசபாவையாவது கூட்டுங்கள் என்றார்கள், கூட்டவில்லை. கார்கில் பற்றி ஆராய்ந்த கே. சுப்ரமணியம் குழுவின் அறிக்கை அவைக்கு வந்தது அடுத்த வருடம் பிப்ரவரியில். கட்சிச் சண்டைக்கு என்ன விலை என்று இதைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம்.

முன்னாள் ஹவில்தார், பென்னாகரம்

1962 வேறு. அன்று அவையில் பேசினால் மறுநாள் பேப்பரில் வரும். இன்று பேசும்போதே எல்லையில் எதிரி கைபேசியில் பார்க்கிறான். எனக்கு இதில் மாற்றம் இல்லை. படை நகர்வு பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். வேண்டுமானால் கதவை மூடிக் கொண்டு குழுவில் கேட்கட்டும்.

குழு என்றதும் ஞாபகம். மேஜர் ஜெனரல் கந்தூரி பாதுகாப்பு நிலைக்குழுத் தலைவராக இருந்தார். ஆளுங்கட்சியான பாஜக எம்பி, ராணுவத்தில் இருந்து வந்தவர். 2018 மார்ச்சில் அந்தக் குழு கொடுத்த அறிக்கையை எங்கள் முன்னாள் வீரர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் படித்தோம். ராணுவத்தின் துணைத் தளபதியே குழு முன் வந்து, நம் தளவாடங்களில் 68 சதவீதம் பழசு என்று சொல்லியிருந்தார். நவீனப்படுத்த ஒதுக்கியது 21,338 கோடி. ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவற்றுக்குக் கட்ட வேண்டியதே 29,033 கோடி. இதை எழுதி அவையில் வைத்தது ஆளுங்கட்சிக்காரர் தலைமையில் இருந்த குழு. இதைத்தான் நான் தேசபக்தி என்பேன். அந்த வருடம் செப்டம்பரில் குழு மாற்றி அமைந்தபோது தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது.

கிருஷ்ணகிரி வக்கீல்

ஐயா சொன்ன உதாரணம் அருமை. அந்தக் குழு பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். துறைவாரி நிலைக்குழுக்கள் 1993ல் வந்தன. பாதுகாப்புக் குழுவில் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கையை வரிவரியாகப் பார்ப்பவர்கள் இவர்கள். அதிகாரிகளையும் தளபதிகளையும் கூப்பிட்டுக் கேட்கலாம். கேமரா கிடையாது. அதனால்தான் எல்லாக் கட்சிக்காரரும் அங்கே மனிதராகப் பேசுகிறார்கள் என்று சொல்வார்கள்.

குறையும் உண்டு. பரிந்துரை அரசைக் கட்டாது. குழுவின் ஆயுள் ஒரு வருடம், ஒருவர் துறையைப் பிடித்துக் கற்றுக் கொள்வதற்குள் மாற்றிவிடலாம். யார் எந்தக் குழுவுக்கு என்பதும் கட்சி கொடுக்கும் பெயர்தான். குழு உழைத்துக் கொடுத்த அறிக்கையை வைத்து அவை பேச வேண்டும், அங்கேதான் கில்லட்டின். நேரம் முடிந்தது என்று எல்லாத் துறை ஒதுக்கீட்டையும் மொத்தமாக நிறைவேற்றுவது. 2018 மார்ச் 14ல் ஒரு துறையைக்கூட விவாதிக்காமல் முழு பட்ஜெட்டையும் அப்படி முடித்தார்கள். துணைத் தளபதி போதாது என்று சொன்ன அதே வாரங்களில்!

உளவு அமைப்புகளுக்கு இந்த அளவு கண்காணிப்பும் கிடையாது. அமெரிக்க செனட்டில் 1976லிருந்து தனிக் குழு இருக்கிறது, பிரிட்டன் 1994ல் சட்டம் போட்டு அமைத்தது. இங்கே ரா, ஐபி இரண்டும் எந்த நாடாளுமன்றக் குழுவுக்கும் பதில் சொல்வதில்லை. மணீஷ் திவாரி 2011ல் இதற்காகத் தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொடுக்கும் மசோதா, கொண்டு வந்தார், அப்போது அவர் ஆளுங்கட்சி. நகரவில்லை. 1970க்குப் பின் ஒரு தனிநபர் மசோதாகூடச் சட்டமானதில்லை.

தளி நண்பர்

எல்லோரும் டெல்லியையே பேசுகிறீர்கள். 2023 டிசம்பரில் தர்மபுரி எம்பி செந்தில்குமார் பேசியதை மறந்துவிட்டீர்களா? ஜம்மு காஷ்மீர் மசோதாக்கள் மீதான விவாதம். எல்லை மாநிலத்தின் எதிர்காலம் பற்றிய பேச்சு. அதில் வட மாநிலங்களைப் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தை நாடு முழுக்க ஓடியது. அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார்கள், மறுநாள் வருத்தம் தெரிவித்தார். காஷ்மீர் பற்றி அவர் என்ன சொன்னார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நல்ல வாதமாகவே இருந்திருக்கலாம், ஒரு வார்த்தை அதை மூடிவிட்டது. 2024ல் அவருக்கு சீட்டும் இல்லை.

காரிமங்கலம் கிளைச் செயலாளர்

டாக்டர் செந்தில்குமார் தொகுதிக்காக நிறையக் கேள்வி கேட்டவர். அவரைக் குறை சொன்னால் ஏற்க மாட்டேன்.

நெறியாளர்

யாரையும் குறை சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்வதில் தப்பில்லை. பொறுப்பில் இருப்பவர்களின் செயலைப் பேசுங்கள், சாதியையும் குடும்பத்தையும் இழுக்காதீர்கள். இரண்டு பதிவை நீக்கியிருக்கிறேன்.

ஒசூர் ஷிப்ட்காரர்

தளி நண்பர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கட்சிக்குத் தலைப்புச் செய்தி வேண்டும், தொகுதிக்குப் பதில் வேண்டும்.

கட்சியை மீறி நின்ற ஆள் நம் பக்கத்தில் இல்லாமல் இல்லை. வாழப்பாடி ராமமூர்த்தி கிருஷ்ணகிரி எம்பி, மத்திய அமைச்சர். 1991ல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு விஷயத்தில் நரசிம்ம ராவ் அரசிலிருந்து ராஜினாமா செய்தார். பாதுகாப்பு விஷயம் இல்லைதான், ஆனாலும் தொகுதிக்காகப் பதவியை விடலாம் என்று காட்டியவர்.

அதே நரசிம்ம ராவ் 1994ல் ஜெனீவாவில் காஷ்மீர் பிரச்சினை வந்தபோது எதிர்க்கட்சித் தலைவர் வாஜ்பாயை இந்தியக் குழுவின் தலைவராக அனுப்பினார். பாஜகவும் அவரைச் சந்தேகப்படவில்லை, காங்கிரசும் தடுக்கவில்லை. திரும்பி வந்து அவையில் அரசை வழக்கம்போல் எதிர்த்தார். தரூர் விஷயத்தில் ஒரு பக்கம் கட்சியைக் கேட்காமல் பெயரைப் போட்டது, இன்னொரு பக்கம் போய் வந்தவரைச் சந்தேகமாகப் பார்த்தது. இரண்டு பக்கமும் கெட்டுப் போயிருக்கிறது.

ராணுவ ஆர்வலன், மத்தூர்

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே. நான் அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறேன். எங்கள் கிரவுண்டில் காலையில் ஓடுகிற பசங்க எல்லோருக்கும் ஒரே கேள்விதான். நாலு வருடம் முடிந்து 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்கள் சேவா நிதி 11.71 லட்சத்தோடு வெளியே வர வேண்டும், பென்ஷன் இல்லை. 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போன முதல் பேட்ச் 2027 தொடக்கத்தில் வெளியே வருகிறது. வந்து என்ன செய்வார்கள்? துணை ராணுவத்தில் 10 சதவீதம் ஒதுக்கீடு என்று 2022லேயே அறிவித்தார்கள். மாநிலப் போலீஸ், ஒசூர் கம்பெனிகள் என்ன செய்யப் போகின்றன? நாங்கள் யாரிடம் கேட்பது? எம்பியிடம் கேட்கலாம் என்று இந்த இழையைப் படித்த பிறகுதான் தோன்றியது.

முன்னாள் ஹவில்தார், பென்னாகரம்

தம்பி, ஓடுவதை நிறுத்தாதே. கால் எலும்பைப் பார்த்துக் கொள், தார் ரோட்டில் ஓடாதே.

நீ கேட்பது நியாயமான கேள்வி, எந்த ரகசியமும் இதில் இல்லை. பணியில் உயிர்விடும் அக்னிவீரர் குடும்பத்துக்கும் வழக்கமான வீரர் குடும்பத்துக்குக் கிடைப்பது கிடைக்க வேண்டும் என்று பாதுகாப்பு நிலைக்குழு 2024ல் சொல்லிவிட்டது. அது என்ன ஆனது என்றும் சேர்த்துக் கேட்கலாம்.

அரூர் டீச்சர்

இதை இப்படியே விட்டுவிடாமல் இரண்டு எம்பிக்கும் கடிதமாகக் கொடுப்போம். ஒருவர் திமுக, ஒருவர் காங்கிரஸ், இருவருமே எதிர்வரிசை. இதைக் கேட்பதில் எந்தக் கட்சிக்கும் சங்கடம் இல்லை. அக்னிவீர் பற்றி ஒன்று. ஒசூர் பாதுகாப்பு வழித்தடத்தில், 2019லிருந்து இதுவரை வந்த முதலீடு எவ்வளவு, உள்ளூர் ஆட்களுக்குக் கிடைத்த வேலை எத்தனை என்று ஒன்று. மூன்றாவதாக உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் மாவட்டவாரியாக எத்தனை வழக்கு, எத்தனை பேர் விசாரணைக் கைதிகளாக இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பொடா போனாலும் உபா இருக்கிறது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 டிசம்பரில் அதைக் கடுமையாக்கிய திருத்தத்தை ஒரே நாளில் மக்களவையும் மறுநாளே மாநிலங்களவையும் நிறைவேற்றின. மக்களவையில் அன்று இருந்தவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

காரிமங்கலம் கிளைச் செயலாளர்

கடிதத்தைக் கொடுங்கள் டீச்சர், தர்மபுரி அலுவலகத்தில் நானே கொண்டு போய்ச் சேர்க்கிறேன். மூன்றாவது கேள்வியையும் சேர்த்தேதான். கட்சியில் யாரும் தடுக்க மாட்டார்கள், தடுத்தால் இங்கேயே வந்து சொல்கிறேன்.

பாலக்கோட்டான்

அண்ணே, இதற்கு ரொம்ப நன்றி. கிருஷ்ணகிரிக்கு வக்கீல் சார் பொறுப்பு எடுத்துக் கொள்ள முடியுமா?

கிருஷ்ணகிரி வக்கீல்

எடுத்துக் கொள்கிறேன். வாசகத்தில் சில திருத்தம் வேண்டும். ஒரு கேள்வி 150 சொல்லைத் தாண்டக் கூடாது, ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் போக வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த உடனே கொடுத்துவிட வேண்டும். நட்சத்திரக் கேள்வியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். குலுக்கலில் வந்தால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், எம்பி துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரமில்லாதது என்றால் எழுத்தில் பதில் வந்து அப்படியே போய்விடும்.

மூன்றாவதை உள்துறைக்குத் தனியாக அனுப்ப வேண்டும், பாதுகாப்புத் துறையோடு சேர்த்தால் நிராகரிப்பார்கள். அக்னிவீர் கேள்வியில் "தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில்" என்று போட்டால் மாவட்டவாரிக் கணக்கு வைப்பதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நம் இரண்டு மாவட்டமும் கோவை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகின்றன. அதனால் "கோவை ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் வழியாக" என்று எழுதுங்கள், வருடவாரியாகக் கேளுங்கள். மத்தூர் தம்பி, உங்கள் கிரவுண்ட் பசங்களிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள், கடிதத்தோடு இணைத்துக் கொள்ளலாம்.